பெட்டியின் பிழை

ஒரு பொருளை விமர்சிக்க வருகிறவன், அந்தப் பொருளின் காரணமாகத் தான் செய்த குற்றத்தை முதலில் ஒப்புக்கொள்வதுதான் நியாயம். சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள், என் அக்கா மகனைப் பார்த்து, "உனக்குக் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணத் தெரியலைடா, கடையிலேயே ரெடிமேடா ஒண்ணு வாங்கியிருக்கலாம்" என்று சொன்னேன். அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "சரி மாமா" என்றான். ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான். பிறகு ஒன்றரை மாதம் அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அவன் செய்ததில் பிழை ஒன்றும் இல்லை என்பது பின்னால் தெரிந்தது. பிழை முழுவதும், அவன் அத்தனை சாமான்களையும் பூட்டி வைத்த பெட்டியினுடையது. ரிச்சி தெருவில் அதைக் கேபினெட் என்கிறார்கள். அந்தக் கேபினெட்டைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

இதைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கலாம். கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டவன் நான். மின்சாரத்தைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம், தொட்டால் ஷாக் அடிக்கும் என்பது. ஆனால் இருபது வருஷமாகக் கம்ப்யூட்டரில்தான் கதை எழுதுகிறேன். சமைக்கத் தெரியாதவனுக்கும் உப்புக் கூடினால் நாக்கு சொல்லிவிடும் அல்லவா? அந்த அளவு யோக்கியதை போதும் என்று நினைக்கிறேன்.

நடந்தது இதுதான். என் பழைய மெஷின் ஓய்ந்துபோனபோது, புதிதாக ஒன்று செய்து தருவதாகப் பையன் முன்வந்தான். நான் எழுதுவதற்கும், விடுமுறையில் அவன் வந்து வீடியோ எடிட்டிங் செய்வதற்கும் பொதுவாக ஒரு மெஷின். ஆளுக்குப் பாதிப் பணம். அவனுடைய பாதி, டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம். மதர்போர்டு, பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றையும் பத்து நாள் விசாரித்து வாங்கினான். கேபினெட்டை மட்டும் கடைவாசலில் பார்த்த மாத்திரத்தில் வாங்கிவிட்டான். முன்பக்கம் கண்ணாடி, பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே மூன்று விசிறிகள் வானவில்லாக மினுங்கின. நானும் கூடத்தான் இருந்தேன். "ஜோரா இருக்குடா" என்று சொன்னதும் நான்தான்.

மார்கழியில் அது நன்றாக வேலை செய்தது. சித்திரை பிறந்ததும் மத்தியான வேளைகளில் தானே அணைய ஆரம்பித்தது. ஒரு நாள் நாவலின் ஐந்து பக்கம் அப்படியே போயிற்று. பையன் வந்தான், பிராசஸரின் மேல் பசையைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவினான், நினைவகத்தை மாற்றிப் பார்த்தான், ஒவ்வொரு வயராகக் கழற்றி மாட்டினான். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவனுக்கு இதிலேயே போயின. மூன்றாவது ஞாயிறு அது மறுபடி அணைந்தபோதுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

கடைசியில் ரிப்பேர்க் கடைக்காரர் ஒருவரை வரவழைத்தேன். வயசானவர். அவர் ஸ்க்ரூ டிரைவரைக்கூட எடுக்கவில்லை. முன்பக்கத்துக் கண்ணாடியைப் பிடித்து இழுத்து எடுத்தார். பக்கவாட்டுக் கதவையும் கழற்றினார். மேஜை விசிறியைக் கொண்டுவரச் சொல்லி எதிரே வைத்தார். கால் மணியில் பிராசஸரின் சூடு 93 டிகிரியிலிருந்து 76-க்கு இறங்கியது. "மெஷினுக்கு ஒண்ணுமில்ல சார். அசெம்பிள் பண்ணினவரு நல்லாத்தான் பண்ணியிருக்காரு. பெட்டியிலதான் மூச்சு முட்டுது" என்றார்.

எனக்கு அந்த நிமிஷம் வந்த வெட்கத்தில் பாதியாவது அந்தப் பெட்டியைச் செய்தவனுக்கு வர வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

மெஷினைத் தானே அசெம்பிள் செய்துகொள்கிறவன் விசித்திரமான மனிதன். ரெடிமேட் மெஷின் கெட்டுப்போனால் கம்பெனியைத் திட்டலாம். இவனுக்குத் திட்டுவதற்கு ஆள் கிடையாது. தன்னையேதான் திட்டிக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள் காற்றுப் போகாவிட்டால், 'பசை தடவியது சரியில்லையோ' என்று நினைக்கிறான். மதர்போர்டு பெட்டியோடு சரியாகப் பொருந்தாவிட்டால், 'நான்தான் கோணலாக வைத்தேனோ' என்று நினைக்கிறான். தகட்டின் ஓரம் விரலைக் கிழித்தால், 'எனக்கு நிதானம் போதாது' என்று நினைக்கிறான். மற்றச் சாமான்களின் கோளாறுகள் வெளியே தெரிந்துவிடும். பெட்டியின் கோளாறு மட்டும் பூட்டியவனின் கோளாறாக வேஷம் போட்டுக்கொண்டு வரும். ஆகவே, நல்ல கேபினெட் எது என்று யாராவது கேட்டால், என் பதில் இதுதான்: தன் பிழையைப் பூட்டுகிறவன் தலையில் போடாத கேபினெட்.

இந்த உரைகல்லில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலாவது, காற்று. 2014-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 980 என்ற கிராஃபிக்ஸ் கார்டு 165 வாட் மின்சாரம் குடித்தது. 2022-ல் அதே என்விடியா கம்பெனி கொண்டுவந்த ஆர்.டி.எக்ஸ். 4090 குடிப்பது 450 வாட். நம் வீட்டில் சுற்றுகிற பழைய சீலிங் ஃபேன் ஒன்று ஏறக்குறைய 75 வாட்; அப்படி ஆறு ஃபேன் சாப்பிடுகிற மின்சாரத்தை ஒரே அட்டை சாப்பிடுகிறது. சாப்பிட்டது அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். எங்களுடையது அத்தனை பெரிய கார்டு இல்லை. என்றாலும் நியாயம் ஒன்றுதான். உள்ளே இருக்கிற வெப்பத்தை வெளியே கொண்டுபோக அறைக் காற்றைத் தவிர வேறு கதி கிடையாது. சென்னையில் மே மாதத்து மத்தியானம் மாடி அறை 36 டிகிரி இருந்தால், பெட்டிக்குள் நுழைகிற காற்றும் 36 டிகிரிதான். அந்தக் காற்றையும் கண்ணாடியால் தடுத்துவிட்டு, பின்னால் மூன்று விசிறிகளைச் சுழலவிட்டு என்ன பிரயோஜனம்? ஜன்னலைச் சாத்திவிட்டு ஃபேனைப் போட்டுக்கொண்டு புழுங்குகிற கதைதான்.

பிராசஸர்கள் பாவம், தங்களால் முடிந்ததைச் செய்கின்றன. இன்றைய பிராசஸர்கள் பலவற்றில் 95 அல்லது 100 டிகிரி எல்லை. அதைத் தொட்டதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அதற்கும் மீறினால் உயிரைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகின்றன. அணைவது தற்காப்பு. அதை நாம் நோய் என்று நினைத்து, பூட்டியவனைப் பழிக்கிறோம்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. சில ஆண்டுகளாகவே முன்பக்கத்தைக் கம்பி வலையாக விட்ட கேபினெட்டுகள் திரும்பவும் செல்வாக்குப் பெற்றிருக்கின்றன. ஸ்வீடன் நாட்டு ஃப்ராக்டல் டிசைன் கம்பெனி 2021-ல் 'டாரன்ட்' என்று ஒன்றைச் செய்தது. அதன் முகம் முழுவதும் திறப்பு; பின்னால் 180 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டு. பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினாலே நிறையக் காற்றைத் தள்ளும். ஆகையால் இரைச்சலும் குறைவு. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. முற்றம் வைத்து வீடு கட்டிய கொத்தனாருக்குத் தெரிந்த விஷயம்தான்.

இரண்டாவது, தூசு. காற்று வர வேண்டும் என்றால் தூசும் வரும். வருகிற வழியில் ஒரு சல்லடையை வைத்து, அதை ஒரு கையால் உருவி, குழாயடியில் கழுவி, உலர்த்தி மறுபடி சொருகும்படி இருக்க வேண்டும். வெளியே தள்ளும் விசிறிகளைவிட உள்ளே இழுக்கும் விசிறிகளின் பலம் சற்று அதிகமாக இருந்தால், இண்டு இடுக்குகளின் வழியே காற்று வெளியேதான் கசியும். தூசு சல்லடை வழியாக மட்டுமே வர முடியும். இவ்வளவு எளிய சூத்திரம். ஆனால் நான் பார்த்த மலிவுக் கேபினெட்டுகள் சிலவற்றில் சல்லடையே இல்லை. சிலவற்றில் சல்லடை இருக்கிறது, அதை எடுக்க வேண்டுமானால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு நாலு திருகுகளைக் கழற்ற வேண்டும். அப்படிப்பட்ட சல்லடையை வருஷத்துக்கு ஒரு முறைகூட யாரும் கழுவ மாட்டார்கள். கழுவாத சல்லடை ஒரு சுவர்.

மூன்றாவது, கை. இதுதான் எனக்கு மிகவும் முக்கியமான இடம். மெஷினைச் செய்துகொள்கிறவன் பெட்டிக்குள் கையை விடுகிறான். அந்தக் கைக்கு அங்கே என்ன மரியாதை?

மலிவுப் பெட்டிகளில் தகடு மெல்லியது. ஓரத்தை மடித்து மழுக்காமல் வெட்டியபடியே விட்டிருப்பார்கள். எங்கள் பையனின் இடது கட்டை விரலில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. பின்பக்கத்தில் கார்டு வெளியே வருகிற இடங்களை மூடியிருக்கும் தகடுகளைப் பாருங்கள். நல்ல பெட்டியில் அவை திருகால் பிடிக்கப்பட்டிருக்கும். வேண்டாதபோது கழற்றலாம், வேண்டும்போது மாட்டலாம். மலிவுப் பெட்டியிலோ அவை பெட்டியோடு ஒட்டியே வரும். முன்னும் பின்னும் ஆட்டி முறித்து எடுக்க வேண்டும். முறித்தது முறித்ததுதான். நாளைக்குக் கார்டை எடுத்துவிட்டால் அங்கே ஓட்டை நிரந்தரம். என் பழைய மெஷினில் இப்படி ஒரு ஓட்டை வழியாகப் பல்லி ஒன்று குடிபோய், எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள்ளேயே உயிரை விட்டு, அதன் உயிரையும் கூடவே வாங்கிக்கொண்டு போயிற்று. பல்லியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாசல் வைத்தவன் பெட்டிக்காரன்தானே?

ஒரே ஒரு தடவைதான் திறப்பான், ஒரே ஒரு தடவைதான் மாற்றுவான் என்று எண்ணிச் செய்யப்பட்ட பொருள் அது. தானே பூட்டிக்கொள்கிறவனுடைய சந்தோஷமே, மறுபடி மறுபடி திறப்பதில் இருக்கிறது என்பது அந்த எண்ணத்துக்கு எட்டவே இல்லை.

அப்புறம் அந்த ஒன்பது ஊசிகள். மதர்போர்டின் கீழ் ஓரத்தில் எள்ளுப் போல ஒன்பது ஊசிகள் நிற்கும். கேபினெட்டின் முன்பக்கத்திலிருந்து பவர் பொத்தானுக்கு ஒரு ஜோடி வயர், ரீசெட்டுக்கு ஒரு ஜோடி, ஹார்டு டிஸ்க் விளக்குக்கு ஒன்று, பவர் விளக்குக்கு ஒன்று என்று தனித்தனியாக வந்து, அந்த ஊசிகளில் ஏற வேண்டும். பொத்தான் வயர்களை எப்படித் திருப்பி மாட்டினாலும் சரி. விளக்கு வயர்களை மாற்றி மாட்டினால் விளக்கு எரியாது. எழுத்தோ கண்ணுக்குத் தெரியாது, இடமோ இருட்டு, விரலோ உள்ளே போகாது. ஊசிகளின் வரிசை இன்று பெரும்பாலான மதர்போர்டுகளில் ஒன்றேதான். அப்படியிருக்க, எல்லா வயர்களையும் ஒரே சொருகியாகச் சேர்த்துக் கொடுப்பதற்கு என்ன தடை? சில கம்பெனிகள் கொடுக்கவும் செய்கின்றன. கொடுக்காத கம்பெனிகள் முன்பக்கத்தில் வானவில் விளக்குக்குச் செலவு செய்கின்றன.

பெட்டியைச் சுலபமாகத் திறக்கும்படி செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆப்பிள் கம்பெனி 1999-ல் வெளியிட்ட நீல வெள்ளை பவர் மேக் ஜி-3 மெஷினில், பக்கவாட்டில் ஒரு வளையம் இருக்கும். அதை இழுத்தால் கதவு அப்படியே சாய்ந்து படுத்துக்கொள்ளும். மதர்போர்டும் கதவோடு வந்து கைக்கு எதிரே கிடக்கும். ஒரு திருகைத் தொட வேண்டியதில்லை. இதில் உள்ள வேடிக்கையைக் கவனியுங்கள்: கம்பெனியே பூட்டிக் கொடுத்த மெஷினை வாங்கியவனுக்கு அந்தச் சௌகரியம் கிடைத்தது; தானே பூட்டுகிறவனுக்கு விற்கப்படுகிற பெட்டிகள் பலவற்றில் கால் நூற்றாண்டு கழித்தும் கிடைக்கவில்லை.

நான்காவது, காலம். ஒரு கம்ப்யூட்டரில் உள்ள எல்லாச் சாமான்களுக்கும் சீக்கிரம் வயசாகிவிடும். பெட்டிக்கு மட்டும் ஆகாது. மதர்போர்டின் அளவும் அதன் திருகுத் துளைகளின் இடமும் ஏ.டி.எக்ஸ். என்ற ஏற்பாட்டின்படி 1995-ல் இன்டெல் கம்பெனியால் வகுக்கப்பட்டன. முழு அளவு மதர்போர்டு 305-க்கு 244 மில்லிமீட்டர். இன்றைக்கும் அதே அளவு, அதே துளைகள். 2004-ல் அதே இன்டெல், வெப்பத்தைச் சமாளிக்க என்று பி.டி.எக்ஸ். என்ற வேறோர் ஏற்பாட்டைக் கொண்டுவந்து பார்த்தது. அது இரண்டொரு வருஷத்திலேயே கைவிடப்பட்டது. பழையது நிலைத்தது. ஆகவே, இன்று நன்றாகச் செய்யப்பட்ட ஒரு கேபினெட், மூன்று நான்கு மதர்போர்டுகளுக்குக் குடியிருக்க இடம் கொடுக்க முடியும். மற்றவையெல்லாம் வாடகைக்கு வருகிறவர்கள், கேபினெட்தான் வீடு. வீட்டைக் கட்டுகிறவன் திண்ணைக்குச் சாயம் பூசுவதில் காட்டுகிற அக்கறையை அஸ்திவாரத்திலும் காட்ட வேண்டாமா? பொத்தான் ஒடிந்தால் மாற்றுப் பொத்தான் கிடைக்க வேண்டும். சல்லடை கிழிந்தால் சல்லடை கிடைக்க வேண்டும். ஐந்து ரூபாய்ப் பொத்தானுக்காகப் பெட்டியையே தூக்கிப் போடும்படி செய்வது, விற்பனைத் தந்திரமாக இருக்கலாம்; வடிவமைப்பு ஆகாது.

இனி எதிர்க்கட்சிக்காரர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

'அலங்காரமே கூடாது என்கிறீர்களா? தன் கையால் செய்ததைப் பார்த்து ரசிக்க ஒருவனுக்கு ஆசை இருக்காதா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எங்கள் பையன் அந்தக் கண்ணாடிப் பெட்டியை வாங்கியதும் அந்த ஆசையால்தான். அந்த ஆசையை நான் குறைவாக மதிக்கவில்லை. கதை எழுதுகிறவன் அச்சில் பார்க்க ஆசைப்படுவதில்லையா? பக்கவாட்டில் கண்ணாடி இருக்கட்டும். அங்கே அது காற்றை அதிகம் தடுப்பதில்லை. ஆனால் கழற்றிய கண்ணாடியை டைல்ஸ் தரையில் சாய்த்து வைக்கக் கூடாது என்பதைப் பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். பதப்படுத்திய கண்ணாடி அது. தட்டினால் தாங்கும், ஓரத்தில் டைல்ஸ் இடித்தால் ஒரு நொடியில் கற்கண்டாக உதிர்ந்துவிடும். டைல்ஸ் போடாத வீடு நம் ஊரில் எத்தனை?

அலங்காரமும் காற்றும் விரோதிகள் அல்ல என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது. நான் சொன்ன அதே ஸ்வீடன் கம்பெனி 2022-ல் 'நார்த்' என்ற கேபினெட்டைக் கொண்டுவந்தது. முகப்பில் வால்நட் அல்லது ஓக் மரச் சட்டங்கள். சட்டங்களுக்கு இடையே இடைவெளி. அதன் வழியே காற்று. படத்தில் பார்த்தபோது எனக்குப் பழைய வீட்டு அழிக்கம்பி ஜன்னல் ஞாபகம் வந்தது. அழகு அங்கே காற்று வருகிற வழியாகவே இருக்கிறது; காற்றை மறித்துக்கொண்டு நிற்கவில்லை.

'அதெல்லாம் பணக்காரனுக்கு, மலிவு விலையில் இவ்வளவு எதிர்பார்க்கலாமா?' என்பது அடுத்த கேள்வி. நான் கேட்பதில் பெரும்பாலானவை பணத்தைச் சேர்ந்தவையே அல்ல. ஓரத்தை மழுக்குவது, தகட்டைத் திருகால் பிடிப்பது, சல்லடையை உருவும்படி வைப்பது — இவற்றுக்கு வேண்டியது கவனம். மூன்று விளக்கு விசிறிகளுக்குப் பதிலாக, மதர்போர்டு சொன்னபடி வேகம் மாறுகிற சாதாரண விசிறிகள் இரண்டு போதும். எங்கள் பெட்டியில் இருந்த மூன்றும் நேரே எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மாட்டப்படுகிறவை. இரவும் பகலும் ஒரே வேகம், ஒரே இரைச்சல். மினுக்குவது ஒன்றுதான் அவற்றுக்குத் தெரியும்.

விலை கூடினால் மட்டும் பொறுப்பு வந்துவிடும் என்பதும் இல்லை. என்.இசட்.எக்ஸ்.டி. என்ற அமெரிக்கக் கம்பெனி 2020-ல் 'எச்-1' என்ற சின்னஞ்சிறு கேபினெட்டை விற்றது. மலிவானது அல்ல, பார்க்க லட்சணமானது, பூட்டுகிறவனுக்குச் சிரமம் வேண்டாம் என்று பாதி வேலையைக் கம்பெனியே செய்து கொடுத்திருந்தது. அதற்குள்ளே கிராஃபிக்ஸ் கார்டைத் தாங்குகிற இணைப்பு அட்டையைப் பிடித்திருந்த திருகு, அட்டைக்குள் ஓடும் மின்பாதையோடு சேர்ந்து தீப்பற்றக்கூடும் என்று தெரிந்தது. கம்பெனி முதலில் நைலான் திருகு அனுப்பியது. போதவில்லை. 2021 பிப்ரவரியில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அறிவிப்புக் கொடுத்து, அந்த நாட்டில் மட்டும் சுமார் 32,000 பெட்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. தீ என்றதால் பெட்டியின் பிழை பெட்டியின் பிழை என்றே சர்க்கார் ஏட்டில் ஏறியது. வெறும் புழுக்கத்துக்கு ஆணையமும் இல்லை, அறிவிப்பும் இல்லை. அங்கே வீட்டுக்கு வீடு ஒரு மாமா உட்கார்ந்துகொண்டு, பையனைப் பார்த்து, 'உனக்குத் தெரியவில்லை' என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

அதுதான் என்னை உறுத்துகிறது. சாமானை வாங்குவதைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியாதவர்களாக நாம் மாறிக்கொண்டிருக்கிற காலம் இது. இதற்கு நடுவில், பத்தொன்பது வயசில் ஒருவன் தானே ஒன்றைச் செய்து பார்க்கலாம் என்று ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கிறான். அவனுக்கு நாம் விற்கிற பெட்டி, குறைந்தபட்சம் அவன் கையைப் பற்றி அவனுக்குப் பொய் சொல்லாமல் இருக்க வேண்டும். வேகம் கூட்டு, விளக்குப் போடு என்றெல்லாம் பெட்டியை யாரும் கேட்கவில்லை. காற்றை விடு, கையை விடு, சரியாகச் செய்தவனுக்குச் சரியாக வேலை செய்து காட்டு — இவ்வளவுதான்.

ஆனி மாதம் நான் அக்கா வீட்டுக்குப் போனேன். ரிப்பேர்க் கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தை மாமன் வாயிலிருந்து சுலபமாக வருமா? "வேற கேபினெட் வாங்கலாம், வாடா" என்றேன். "நிஜமாவே நான் பண்ணினது சரியா இருந்துச்சாமா, மாமா?" என்று இரண்டு தடவை கேட்டான். கேபினெட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

இந்தத் தடவை முகப்பில் வலை போட்ட, கறுப்பு நிற, விளக்கு ஒன்றுமில்லாத பெட்டி. கடையிலேயே கதவைத் திறக்கச் சொல்லி, ஓரங்களில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினான். வீட்டில் அவன் பூட்ட, நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒன்பது ஊசிகள் வந்ததும், "நீங்க மாட்டுங்க மாமா" என்று என் கையில் வயர்களைக் கொடுத்துவிட்டு டார்ச்சை அவன் வாங்கிக்கொண்டான். அரை மணி ஆயிற்று. மெஷின் ஓடியது, பவர் விளக்கு எரியவில்லை. ஒரு ஜோடியைத் திருப்பி மாட்டியிருக்கிறேன்.

"உங்களுக்கு அசெம்பிள் பண்ணத் தெரியலை மாமா" என்றான் பையன். மறுபடி கழற்றி, திருப்பி மாட்டினேன். எரிந்தது.